கூட்டமான பஸ்ஸில் முதுகுப்பை: கழற்றித்தான் ஆக வேண்டுமா?

தாம்பரம் பயணி:
சென்னை மாநகரப் பேருந்தில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் இதைக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கூட்டமான பஸ்ஸில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நிற்பது தவறு என்பது என் கருத்து. ஏறியதும் கழற்றிவிட வேண்டும். கையில் தொங்கவிடலாம், காலடியில் வைக்கலாம், உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுக்கலாம். இதில் எதுவுமே முடியாது என்றால் அவ்வளவு பெரிய பையை வாங்கக் கூடாது.

21ஜி-யில் காலை நேரத்தில் நடைபாதை ஓரத்து சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். நிற்பவர் வழிவிடுவதற்காகத் திரும்புவார். அவர் உடம்பு திரும்பும், பை இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கன்னத்தில் ஜிப்பால் உரசிவிட்டுப் போகும். அவருக்கு அது தெரியவே தெரியாது, முதுகில் கண் இல்லை. முன்னால் ஒருவர் இடித்தால் "சாரி" சொல்வார், பையால் இடித்தவருக்கு இடித்ததே தெரியாததால் அந்த சாரியும் கிடையாது. கிண்டியில் இறங்க வேண்டியவர்கள் இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே நகரத் தொடங்கியும் கதவுக்கு வந்து சேர முடியவில்லை. வழியை அடைத்து நிற்பது ஆட்கள் மட்டும் இல்லை, அவர்கள் முதுகில் இருப்பதும்தான்.

சிறுசேரி லேப்டாப்:
சார், நான் கோயம்பேட்டிலிருந்து 570-இல் சிறுசேரி சிப்காட் வரை போகிறவன். உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். என் பையில் இருப்பது என்ன? லேப்டாப் 2 கிலோ, சார்ஜர், ஒரு லிட்டர் தண்ணீர் (அதுவே 1 கிலோ), டிபன் பாக்ஸ், குடை. எல்லாம் சேர்த்து 5 கிலோவுக்குக் குறையாது. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்தாக வேண்டும். இன்னொரு கையில் 5 கிலோவை ஒரு மணி நேரத்துக்கு மேல் தொங்கவிட்டு நிற்கச் சொல்கிறீர்களா? டிரைவர் பிரேக் போட்டால் இரண்டு கையும் வேண்டும்.

முதுகுப்பை என்பது வசதிக்காக வந்த நாகரிகம் இல்லை. எடை இரண்டு தோளிலும் சமமாக இறங்க வேண்டும் என்பதற்காகச் செய்த பொருள். ஒரே தோளில் மாட்டினால் அந்தத் தோள் மேலே தூக்கிக்கொள்ளும், முதுகெலும்பு எதிர்ப்பக்கம் வளையும், வருடக்கணக்கில் அப்படிப் போனால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பள்ளிக் குழந்தைகளுக்கே பை எடை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. பெரியவர்களுக்கு யாரும் கணக்கு சொல்லவில்லை, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், கன்னத்தில் பை இடிப்பது பையின் குற்றம் இல்லை. ஒரு பஸ்ஸில் ஏற வேண்டிய ஆளைவிட அதிகம் பேர் ஏறுகிறார்கள். பஸ் எண்ணிக்கையைக் கேளுங்கள், பயணியின் முதுகைக் கேட்காதீர்கள்.

பெரம்பூர் அக்கா:
இரண்டு பேரும் ஆண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். 29சி-யில் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற பெண்கள் பையை எங்கே வைக்கிறார்கள் என்று கவனித்தீர்களா? முன்னால். கூட்டத்தில் பின்னாலும் பக்கவாட்டிலும் யார் நிற்கிறார்கள், எந்தக் கை எங்கே வருகிறது என்று எங்களுக்கு எப்போதும் ஒரு கவனம் இருந்தே ஆக வேண்டும். மார்புக்கு முன்னால் பை இருந்தால் அது ஒரு தடுப்பு. சிலர் அதையே பின்னால் மாட்டுவார்கள், பின்னால் நிற்பவன் ஒட்டக் கூடாது என்பதற்காக. அந்தப் பெண்ணிடம் போய் "கழற்றிக் கையில் பிடிம்மா" என்று தாம்பரம் சார் சொல்வாரா? அவள் எதற்கு மாட்டியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

ஆனால் சிறுசேரித் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 5 கிலோவை நீங்கள் முழுத் தூரமும் சுமக்க வேண்டியதே இல்லை. எங்கள் பக்கம், அதாவது பஸ்ஸின் இடது பக்கத்தில், நிற்பவள் பையை உட்கார்ந்திருப்பவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது கேட்டுச் செய்கிற உதவியே இல்லை. நிற்பவள் பையைச் சரிசெய்வதைப் பார்த்தாலே கை நீளும். ஒரே மடியில் மூன்று பை, மேலே ஒரு குழந்தை என்று பார்த்திருக்கிறேன். வைத்திருப்பவள் முதலில் இறங்கினால் பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு, "இது அந்தப் பச்சைச் சுடிதார் பொண்ணோடது" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். இந்தப் பழக்கம் இருக்கிற வரைக்கும் பெரிய பையா சின்னப் பையா என்ற சண்டைக்கே இடம் இல்லை.

சிறுசேரி லேப்டாப்:
அக்கா, அந்தப் பழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் என் பையில் இருப்பது என் பொருள் இல்லை, கம்பெனியுடையது. தொலைந்தால் பணம் மட்டும் போகாது, அதற்குள் இருக்கும் தகவலுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். தெரியாத ஒருவர் மடியில் வைத்துவிட்டு, நடுவில் பத்துப் பேர் நெருக்கித் தள்ளி நான் நாலு சீட் பின்னால் போய்விட்டால்? அப்புறம் ஆண்கள் பக்கம் நிலைமை வேறு. காதில் ஹெட்போன், கண் மொபைலில். எதிரில் நிற்பவன் பை வைத்திருக்கிறானா என்று நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பெரம்பூர் அக்கா:
நிமிர்ந்து பார்க்காவிட்டால் கேட்க வேண்டியதுதானே. "கொஞ்சம் வச்சுக்கங்க" என்ற இரண்டு வார்த்தைக்கு இதுவரை யாரும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. எந்த நிறுத்தத்தில் இறங்குவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள், உங்களுக்குப் பிறகு இறங்குகிறவரிடம் கொடுங்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓட அந்தக் கூட்டத்தில் வழி எங்கே இருக்கிறது?

ஓய்வுபெற்ற நடத்துநர்:
கண்டக்டராக இருந்தவன் என்ற முறையில் சில விஷயம் சொல்கிறேன்.

முன்பு பஸ்ஸில் பைக்கு என்று ஓர் இடம் இருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பானட். முன்வழியில் ஏறுகிற பெண்கள் கட்டைப்பை, வயர்கூடை, டிபன் பை எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துவிட்டு நிற்பார்கள். சூடு ஏறும், பூ இருந்தால் வாடும், ஆனாலும் கை காலியாக இருக்கும். 2024-லிருந்து வருகிற தாழ்தள பஸ்களில் இன்ஜின் பின்னால் போய்விட்டது. 2025-இல் வந்த மின்சார பஸ்களில் இன்ஜினே கிடையாது. ஏற இறங்க முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த பஸ் பெரிய வரம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பானட் போனதோடு பை வைக்கும் இடமும் போனது. அதற்குப் பதில் ஓர் இடம் கொடுக்கவில்லை. இப்போது நடுக்கதவு அருகே சக்கர நாற்காலிக்கு விட்டிருக்கும் இடத்தில் எல்லோரும் பையை வைக்கிறார்கள். நாற்காலியில் ஒருவர் வந்தால் அத்தனை பையையும் யார் எடுப்பது? அந்த இடத்தில் மட்டும் பை வைக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, படிக்கட்டு. 2012 டிசம்பரில் பெருங்குடியில் படியில் தொங்கிப்போன மாணவர்கள் நான்கு பேர் லாரியில் அடிபட்டு இறந்தார்கள். அதற்குப் பை காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படியில் நிற்கிற பையன் முதுகில் பை இருந்தால் அவன் உடம்பு எங்கே முடிகிறது என்று அவனுக்கே தெரியாது. உடம்பை உள்ளே ஒடுக்கினேன் என்று நினைப்பான், பை வெளியே இருக்கும். எதிரே வரும் வண்டிக் கண்ணாடி பையில் மாட்டினால் அவனையும் சேர்த்துத்தான் இழுக்கும். என் பணிக்காலம் முழுக்க நான் அதிகம் சத்தம் போட்டது இதற்குத்தான். படியருகே நிற்கிறவன் பையைக் கழற்றியே ஆக வேண்டும். உள்ளே நிற்பவர்கள் விஷயத்தில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிறுசேரி லேப்டாப்:
படிக்கட்டு விஷயத்தில் முழுக்க ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அங்கே வாதம் இல்லை. உள்ளே, நடுவில், இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்போதுதான் நான் பேசுகிறேன்.

பை தைப்பவர்:
பாரிமுனைப் பக்கம் பை தைக்கிறேன், பழுதும் பார்க்கிறேன். எல்லோரும் பெரிய பை, சின்னப் பை என்கிறீர்கள். பஸ்ஸுக்குப் பெரிது சின்னது முக்கியம் இல்லை, கனம்தான் முக்கியம். எடையைச் சொல்லவில்லை, முதுகிலிருந்து பை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்கிறேன். கடையில் 25 லிட்டர், 30 லிட்டர் என்று எழுதியிருப்பார்கள். அதே 25 லிட்டரை உயரமாகத் தட்டையாகவும் தைக்கலாம், குட்டையாக உப்பலாகவும் தைக்கலாம். நிரப்பிய பிறகு 20 சென்டிமீட்டர் வெளியே நிற்கிற பை, நெரிசலில் இன்னொரு ஆள் நிற்கிற இடத்தைப் பிடித்துவிடும். 12, 13 சென்டிமீட்டரில் நிற்கிற பை யாரையும் இடிக்காது.

இன்னொன்று, எடையும் அதைப் பொறுத்துத்தான். அதே 5 கிலோ முதுகை ஒட்டி இருந்தால் உங்கள் மேலேயே இருக்கும். வெளியே தள்ளி நின்றால் பின்னால் இழுக்கும், அதைச் சரிக்கட்ட நீங்கள் முன்னால் குனிவீர்கள். பிரேக் போடும்போது தடுமாறுவதும் அதனால்தான். அதனால் லேப்டாப் முதுகுப் பக்கம், டிபன் அடியில், குடையும் தண்ணீரும் பக்கவாட்டில். முன்பக்கம் உப்புகிற பாக்கெட் இருக்கிற பையை வாங்கவே வாங்காதீர்கள். வாருக்கு மேல் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள், கழற்றித் தூக்கும்போது அதுதான் உதவும். பல பைகளில் அது ஒற்றை நாடாவாக இரண்டு தையலில் நிற்கும், முதலில் பிய்வது அதுதான்.

தாம்பரம் பயணி:
பை தைப்பவர் சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. அவ்வளவு பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பையை பஸ்ஸில் அனுமதிக்கவே கூடாது. லக்கேஜுக்கு டிக்கெட் வாங்குகிறார்கள் அல்லவா, அதேபோல் ஓர் அளவு வைத்து, அதற்கு மேல் போனால் ஏற்றக் கூடாது என்று விதி கொண்டுவரட்டும்.

காசிமேட்டுப் பொண்ணு:
இந்த வரிக்காகத்தான் எழுத வருகிறேன். "ஏற்றக் கூடாது" என்று எழுதுவது எளிது சார். அந்த விதி வந்தால் முதலில் இறக்கிவிடப்படுவது சிறுசேரிக்காரர் பை இல்லை, எங்கள் அம்மாவின் கூடை. 2021 டிசம்பரில் குளச்சலில் நடந்தது மறந்துவிட்டதா? மீன் விற்றுவிட்டுத் திரும்பிய வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட வீடியோவை ஊரே பார்த்தது, முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். வீடியோ இல்லாத அம்மாக்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால்தான் பூக்காரி, கீரைக்காரி, மீன்காரி எல்லோரும் ஷேர் ஆட்டோவை விட்டு பஸ்ஸுக்கு வந்தார்கள். அவர்களுக்கு பஸ் என்றால் கூடையோடு சேர்த்துத்தான் பஸ். கூடை ஏறக் கூடாது என்றால் அந்தக் கட்டணமில்லாப் பயணம் ஆபீஸ் பெண்களுக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும்.

தாம்பரம் பயணி:
தங்கச்சி, கூடையை நான் சொல்லவே இல்லை. கூடை தரையில் இருக்கிறது. அதன் சொந்தக்காரி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், யார் மேலேயும் படாமல் இருக்க அவளே ஒதுக்குகிறாள். நான் சொல்வது சொந்தக்காரன் பார்க்காத பையை. இரண்டும் ஒன்று இல்லை.

காசிமேட்டுப் பொண்ணு:
உங்களுக்கு ஒன்று இல்லை. விதி எழுதுகிறவருக்கும், கூட்டத்தில் எரிச்சலோடு நிற்கிறவருக்கும் இரண்டும் ஒன்றுதான். அளவு என்று ஒன்றை எழுதிவிட்டால் அதை யார் மேல் பிரயோகிப்பார்கள்? லேப்டாப் பை போட்டவரை எந்த கண்டக்டரும் அளந்து பார்க்க மாட்டார்.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
அந்தப் பெண் சொல்வது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். வண்டியில் விதி எப்போதும் எதிர்த்துப் பேச முடியாதவர் மேல்தான் முதலில் விழும்.

சிறுசேரி லேப்டாப்:
விதி வேண்டாம் என்பதில் நான் காசிமேட்டுத் தோழியின் பக்கம். ஆனால் பை முன்னால் மாட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை எல்லோருக்கும் தீர்வாகச் சொல்கிறார்கள். முன்னால் மாட்டினால் உங்கள் கால் உங்களுக்குத் தெரியாது. பழைய பஸ்ஸில் மூன்று படி இறங்க வேண்டும், கீழே பள்ளமா தண்ணீரா என்று பார்க்காமல் கால் வைக்க வேண்டும். மேல்கம்பிக்குக் கை தூக்கினால் வார் கழுத்தை அறுக்கும். திருட்டுக்குப் பயந்து முன்னால் மாட்டுவது வேறு. பிளேடு போடுகிறவன் பின்னால் இருக்கிற பையைத்தான் போடுவான், அது சரிதான். அதற்காக மொபைலையும் பர்ஸையும் மட்டும் முன் பாக்கெட்டுக்கு மாற்றிவிட்டால் போதும், பையில் இருக்கிற சாம்பார் சாதத்தை யாரும் திருட மாட்டார்கள்.

தைக்கிறவர் அண்ணனிடம் ஒரு கேள்வி. ஐப்பசி கார்த்திகை மழையில் என்ன பை தாங்கும்? "வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதியிருக்கிற பை எல்லாம் ஜிப் வழியாகத் தண்ணீர் விடுகிறதே.

பை தைப்பவர்:
துணி நனையாது, தையலும் ஜிப்பும் நனையும். அதை யாரும் சொல்லி விற்பதில்லை. துணியில் 600 டெனியர் என்று இருக்கும். அந்த நூல் 9000 மீட்டர் எடுத்தால் 600 கிராம் எடை என்று அர்த்தம். எண் கூடினால் நூல் தடிமன் கூடும், தேய்மானம் தாங்கும். ஆனால் தண்ணீரைத் தடுப்பது நூல் இல்லை, உள்பக்கம் தடவியிருக்கிற பூச்சு. நம்ம ஊர் ஈரத்திலும் வெயிலிலும் அந்தப் பூச்சு சில வருடத்தில் பிசுபிசுவென்று ஆகி, தூளாக உதிரும். டிபன் மேலெல்லாம் ஒட்டும். அப்படி உதிரத் தொடங்கினால் பையின் மழைக்காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில்காலத்துக்கு மட்டும் ஆகும்.

மழைக்கு வெளியே போடுகிற உறை நல்லதுதான், ஆனால் முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும், நனைந்த சட்டை வழியாக உள்ளே போகும். லேப்டாப்பை உள்ளுக்குள் ஒரு தடித்த பாலித்தீன் உறையில் போட்டுவிடுங்கள். இதைவிட நம்பகமானதை நான் பார்த்ததில்லை.

ஜிப்புக்கு வருகிறேன். வாயில் 8-ஆம் நம்பர் ஜிப்பாவது இருக்க வேண்டும். 5-ஆம் நம்பர் போட்டிருந்தால் சின்ன பாக்கெட்டுக்குப் போதும், பெரிய வாய்க்குப் போதாது. ஜிப் திறந்துகொண்டே வந்தால் உடனே பையைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் பல் நன்றாகத்தான் இருக்கும், ரன்னர் தளர்ந்திருக்கும். ரன்னரை மட்டும் மாற்றலாம், செலவு மிகக் குறைவு. வார் பிய்ந்தால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுங்கள். அவர் போடுகிற மெழுகு நூல் தையல், கம்பெனித் தையலைவிட அதிக நாள் வரும்.

பெரம்பூர் அக்கா:
டிபன் அடியில் என்றீர்கள், அதுதான் எனக்கு உடன்பாடு இல்லை. பையைக் கழற்றி மடியில் கொடுக்கும்போது பை படுத்துவிடும். வத்தக்குழம்பு மூடியைத் தேடி வந்துவிடும். நான் டிபனுக்குத் தனிப் பைதான். அடி அகலமான துணிப்பை, பாத்திரம் நிமிர்ந்தே நிற்கும். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் வந்த பிறகு கிடைக்கும் மஞ்சப்பையே போதும், தோய்த்துக் காயவைத்தால் அடுத்த நாளுக்கு ஆகும். ரங்கநாதன் தெருவில் டிபன் பை என்று ஜிகினாவோடு விற்பதெல்லாம் ஒரு முறை கொட்டினால் வாசனை போகாது.

சிறுசேரி லேப்டாப்:
இரண்டு பை என்றால் ஒன்றை மறப்போம் அக்கா. டிப்போவில் போய்த் தேட வேண்டும்.

பெரம்பூர் அக்கா:
டிபன் பை வாரை ஹேண்ட்பேக் வாருக்குள் நுழைத்துக் கொடுங்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் கூடவே வரும். எங்கள் பஸ்ஸில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தாம்பரம் பயணி:
விதி வேண்டாம் என்று காசிமேட்டுத் தங்கச்சி சொன்ன காரணத்தை ஏற்கிறேன். அதற்காக என் முதல் கருத்தை விடவில்லை. பாதுகாப்புக்காக மாட்டுகிற பெண்களை விட்டுவிடுவோம். மற்றவர்கள், குறிப்பாக ஆண்கள், நெரிசலில் பையைக் கழற்றத்தான் வேண்டும். முதுகு வலிக்கும் என்றால் தரையில் இரண்டு பாதத்துக்கு நடுவில் வையுங்கள், தாழ்தள பஸ்ஸில் அதற்குத் தட்டையான தரை இருக்கிறது. போக்குவரத்துக் கழகம் புதிய பஸ் வாங்கும்போது முன்பக்கச் சக்கர மேட்டின் மேல் கம்பி கட்டிப் பை வைக்க ஓர் அடுக்கு கேட்க வேண்டும். இதை மனுவாக எழுதலாம், யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

சிறுசேரி லேப்டாப்:
அடுக்குக்கு என் கையெழுத்து உண்டு. மழைநாளில் சேறு மிதித்த தரையில் லேப்டாப்பை வைக்க மாட்டேன், அதில் மாற்றம் இல்லை. தட்டையான பை தேடுகிறேன். அண்ணே, 13 சென்டிமீட்டருக்குள் 15.6 அங்குல லேப்டாப்பும் டிபனும் அடங்குகிற மாதிரி தைத்துத் தருவீர்களா?

பை தைப்பவர்:
தருவேன். டிபன் பாக்ஸைக் கொண்டுவாருங்கள், அதன் உயரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உருண்டை டப்பா என்றால் முடியாது, தட்டை டப்பாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

காசிமேட்டுப் பொண்ணு:
மனுவில் கூடைக்கும் இடம் என்று ஒரு வரி சேருங்கள். அடுக்கில் கூடை ஏறாது, கீழே தரையில் வேண்டும். அந்த வரி இருந்தால் எங்கள் தெருவிலிருந்து கையெழுத்து வாங்கித் தருகிறேன்.